சுவரில் விழும் வெளிச்சம்: ஸ்காபரோவில் ஒரு நிலவறை

பக்கக் கதவைத் திறந்ததும் படிக்கட்டு. மூன்று படி ஏறினால் மேல்வீட்டுக் குசினி, நேரே இறங்கினால் நிலவறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்காபரோவில் தெருத் தெருவாகக் கட்டிய செங்கல் பங்களாக்கள் பலவற்றின் அமைப்பு இதுதான். 1983க்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எங்கள் சனங்களில் எத்தனையோ பேர் கனடாவில் முதன்முதல் படுத்தெழும்பியது இப்படியொரு பக்கக் கதவுக்குக் கீழேதான்.

நான் போனது ஜனவரியில், வெயில் எறித்த ஒரு மத்தியானம். வீட்டுக்கார அக்கா எனக்குச் சொந்தம். மேலே இருக்கிற அறைகள் அவருக்கும் பிள்ளைகளுக்குமே போதாது. முன்பு வாடகைக்கு விட்டிருந்த நிலவறையை இப்போது தாயாருக்காகத் திருத்தி எடுத்திருக்கிறார்கள். மின்வேலை செய்த தம்பி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிமர் சுவிச்சுகளைச் சரிபார்க்க அன்று வருவதாக இருந்தது. அவர் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று அந்த நேரத்தைக் கேட்டுப் போனேன்.

"அண்ணை, இறங்க முதல் இந்தச் சுவிச்சைப் போடுங்கோ" என்றார் தம்பி. படிக்கட்டின் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு சுவிச். எந்தப் பக்கம் நின்றாலும் போடலாம், அணைக்கலாம். சுவரின் அடியில், கணுக்கால் உயரத்தில், இரண்டு படிக்கு ஒன்றாகச் சின்ன எல்.இ.டி விளக்குகள். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் வெளிர்நிறப் பட்டி ஒட்டியிருக்கிறது. வெளியே பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற கண்ணுக்கு, உள் வெளிச்சம் பிடிபடச் சில நிமிடம் வேண்டும். வயது போனவர்களுக்கு இன்னும் கூட. அந்தச் சில நிமிடத்துக்குள்தான் ஆட்கள் படியில் தவறுகிறார்கள். நிலவறைக்கு வெளிச்சம் போடுவதை அறையில் தொடங்காமல் படிக்கட்டில் தொடங்கியிருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்துக்கொண்டது.

கீழே இறங்கியதும் அக்கா கைபேசியில் பழைய படத்தைக் காட்டினார். மண்ணிறப் பலகை அடித்த சுவர், மண்ணிறக் கம்பளம், கறை படிந்த சதுர அட்டைக் கூரை. கூரையின் நடுவில் ஒரே கோட்டில் பதித்த நாலு பொட் லைற். "இருட்டு எண்டு வாடகைக்கு இருந்த பிள்ளையள் சொன்னவை. ஒராளைக் கூப்பிட்டு இந்த நாலையும் போட்டம். அதுக்குப் பிறகும் இருட்டு எண்டுதான் சொன்னவை" என்றார். படத்தை உற்றுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. நாலு விளக்குக்கும் நேர்கீழே கம்பளத்தில் நாலு வெள்ளை வட்டம். சுவர்கள் நாலும் கறுத்துக் கிடக்கின்றன. வெளிச்சம் இல்லாமல் இல்லை. அது போய் விழுந்த இடம்தான் பிழை.

விளக்குக்குப் போக முதல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈரம் ஊறுகிற சுவருக்கு எந்த அலங்காரமும் நிற்காது. பூச்சு கொப்பளிக்கும், கம்பளம் மணக்கும், பூஞ்சணம் பிடிக்கும். அக்கா வீட்டில் கோடை காலத்திலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை நீட்டி, அத்திவாரத்தை விட்டுத் தள்ளி விழச் செய்தார்கள். கொங்கிறீற்றில் இருந்த வெடிப்பை அடைத்தார்கள். கம்பளத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஈரத்தைத் தாங்கும் வைனில் பலகை போட்டார்கள். மூலையில் ஒரு ஈரப்பதமானி இருக்கிறது. கோடையில் 50 சதவீதத்தை ஒட்டி, பனிக்காலத்தில் 30 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது நல்லது. கனடாவில் நிலவறையில் குடியிருக்கிறவர்கள் ரேடான் வாயுவையும் அளந்து பார்க்க வேண்டும். மண்ணில் இருந்து கசிந்து வரும் இந்த வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் வழிகாட்டு அளவு, ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல். அதற்கு மேல் போனால் சரிசெய்ய வேண்டும். குறைந்தது மூன்று மாதம் கருவியை வைத்து அளப்பதே முறை.

இனிப் பெரிய அறை. நீளம் 20 அடி, அகலம் 12 அடி. கூரை தாழ்வு. கையை உயர்த்தினால் விரல் முட்டும். ஒரு பக்கம் சூடான காற்றுக் குழாயை மூடிக் கட்டிய பெட்டி இன்னும் கீழே இறங்கி நிற்கிறது. இந்த உயரத்தில் தொங்கு விளக்கு சரிவராது. அரை அங்குலத் தடிப்புள்ள, தட்டையான நாலு அங்குலப் பொட் லைற்தான் போட்டிருக்கிறார்கள். ஒன்று 9 வாட், ஏறத்தாழ 650 லூமன். தம்பி கணக்கைச் சொன்னார். "சதுர அடிக்கு 20 லூமன் எண்டு வையுங்கோ. 240 சதுர அடிக்கு 4800. எட்டு லைற் போதும். அதை எங்க வைக்கிறது எண்டதுதான் வேலை."

எட்டையும் அவர் இரண்டு வரிசையாகச் சுவரோரம் கொண்டுபோயிருக்கிறார். சுவரில் இருந்து ஒன்றரை அடிக்கும் இரண்டு அடிக்கும் இடையில். இன்னும் நெருக்கி வைத்தால் சுவரில் வளைவு வளைவாக நிழல் விழும், தள்ளி வைத்தால் சுவருக்கு வெளிச்சம் எட்டாது. பிறகு என்னை நடுவில் நிற்க வைத்து, ஒரு வரிசையை அணைத்தார். அந்தப் பக்கத்துச் சுவர் கறுத்தது. அறை என்னை நோக்கி நெருங்கி வந்ததை உடம்பால் உணர முடிந்தது. மற்ற வரிசையையும் அணைத்துவிட்டு, ஒரு மேசை விளக்கைத் தூக்கி வந்து தரையைப் பார்க்கப் பிடித்தார். தரை பளிச்சென்றது, அறை இருண்டது. அதே விளக்கைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். அதே பல்ப், அதே வாட். ஆனால் அறை முழுக்க முகங்கள் தெரிந்தன.

நான் அங்கே பார்த்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். நிற்கும்போதும் இருக்கும்போதும் எங்கள் பார்வை போவது சுவருக்கும் எதிரே இருப்பவரின் முகத்துக்கும். தரையை யாரும் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. சுவரும் மூலையும் வெளிச்சமாக இருந்தால் மூளை அறையை வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளும், பெரிசு என்றும் எடுத்துக்கொள்ளும். மூலை இருண்டால், நடுவில் எத்தனை விளக்கு எரிந்தாலும் நிலவறை நிலவறைதான்.

அடுத்தது வெளிச்சத்தின் நிறம். தம்பி ஒரு பொட் லைற்றைக் கழற்றி அதன் சின்னப் பெட்டியைக் காட்டினார். பக்கத்தில் ஒரு தள்ளு சுவிச். 2700, 3000, 3500, 4000, 5000 கெல்வின் என்று ஐந்து இடம். 5000இல் தள்ளினார். வெள்ளைச் சுவர் நீலம் சாய்ந்து, அங்கே இருந்த அக்காவின் அம்மாவின் முகத்தில் இரத்தம் வற்றினமாதிரி ஆனது. "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி. மாத்து" என்றார் அம்மா. 3000இல் வைத்ததும் கதிரைத் துணியின் செம்மஞ்சள் திரும்பி வந்தது. கடையில் 'டே லைற்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இருட்டறைக்குச் சூரிய வெளிச்சம் வாங்குகிறோம் என்று நம்பிப் பலர் 5000 கெல்வின் வாங்கிப் போகிறார்கள். வெளியே பகல் வெளிச்சத்தின் செறிவு பல ஆயிரம் லக்ஸ். அந்த அளவில் நீலம் சாய்ந்த வெண்மை அழகுதான். வீட்டுக்குள்ளே நூறு, இருநூறு லக்ஸில் அதே நிறம் அறையைச் சாம்பலாக்கிவிடும். குடியிருக்கும் அறைக்கு 2700இல் இருந்து 3000 வரை, குசினி மேசைக்கும் உடுப்புத் தோய்க்கும் இடத்துக்கும் 3500, 4000 என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும். சி.ஆர்.ஐ. நிறங்களை விளக்கு எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதன் அளவு, உச்சம் 100. மலிவு விளக்குகள் 80இல் நின்றுவிடும். அதிலும் ஆழமான சிவப்பைக் காட்டுவதில் அவை மிகவும் மோசம். அக்கா அலுமாரியில் இருந்து அரக்குச் சேலை ஒன்றை எடுத்து வந்து, கழற்றி வைத்திருந்த பழைய விளக்கின் கீழே பிடித்தார். மண்ணிறம். கரையில் இருந்த குங்குமச் சிவப்புக்கும் உடலின் அரக்குக்கும் வித்தியாசமே இல்லை. 90 சி.ஆர்.ஐ உள்ள புதிய விளக்கின் கீழே கொண்டுபோனதும் இரண்டும் பிரிந்தன. கரையில் ஓடிய மாம்பிஞ்சு வடிவம்கூட அப்போதுதான் தெரிந்தது. சேலைக்கு இப்படியென்றால் சோற்றுக்கும் கறிக்கும் முகத்துக்கும் இப்படித்தான். விலை வித்தியாசம் பெரிதில்லை. வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

தெற்குச் சுவரில் ஒரே ஒரு யன்னல். அதன் வெளிப்பக்கம் நெளிதகரம் வளைத்து அமைத்த குழி. டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலமும் இல்லை. உச்சிச் சூரியன் அடிவானத்தில் இருந்து 23 பாகைதான் எழும்பும். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை. இவ்வளவு தாழ்ந்து வரும் வெயிலைக் குழியின் விளிம்பே மறித்துவிடும். வானத்தில் இருந்து இறங்கும் பொது வெளிச்சம்தான் மிச்சம். அதில் ஒரு துளியும் வீணாகாமல் இருக்கச் செய்த வேலைகள் எல்லாம் சின்ன வேலைகள். தகரத்தின் உட்பக்கம் வெள்ளைப் பூச்சு. அடியில் கறுத்த மண்ணை மூடி வெள்ளைக் கூழாங்கல். வருடக்கணக்கில் வெயில் பட்டு மஞ்சளாகிப்போன பிளாஸ்ரிக் மூடிக்குப் பதில் தெளிவான புது மூடி. உள்ளே, யன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. யன்னலுக்கு நேரெதிரே வைத்தால் அது தகரத்தைத்தான் திருப்பிக் காட்டும். பக்கத்தில் வைத்ததால் வெளிச்சத்தை அறையின் உள்மூலைக்குத் தள்ளுகிறது. திரைச்சீலைக் கம்பியை யன்னலை விட இருபுறமும் ஒரு அடி நீட்டிப் பூட்டியிருக்கிறார்கள். சீலையை ஒதுக்கினால் யன்னல் கண்ணாடியில் ஒரு அங்குலம்கூட மறையாது.

அந்த யன்னல் உயிர் காக்கும் வழியும்கூட. நேரே வெளியே போகக் கதவில்லாத நிலவறையில் படுக்கையறை வைத்தால், ஆள் வெளியேறக்கூடிய யன்னல் வேண்டும் என்கிறது ஒன்ராறியோ கட்டட விதி. தடையில்லாத திறப்பு 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. யன்னலுக்கு முன்னே அலுமாரி நிறுத்துவதும், அழகுக்காக அதை நிரந்தரமாக மூடி மறைப்பதும் ஒருபோதும் செய்யக் கூடாத காரியம். பனி கொட்டினால் வாசலை வழிக்கும்போதே குழியையும் வழித்துவிட வேண்டும்.

சுவருக்குப் பாற்கட்டி வெள்ளை. கொஞ்சம் மஞ்சள் கலந்தது. பகல் வெளிச்சம் குறைந்த அறையில் தூய வெள்ளை சாம்பலாகத் தெரியும் என்பதால் இந்தத் தெரிவு. அதே நிறத்தைக் கூரைக்கும், காற்றுக் குழாய்ப் பெட்டிக்கும், கதவுகளுக்கும் அடித்திருக்கிறார்கள். கண் இடறுகிற கோடு இல்லாததால், தாழ்ந்து நிற்கும் பெட்டி எங்கே தொடங்குகிறது என்பதே சட்டென்று தெரியவில்லை. பூச்சுத் தட்டையானது, மினுக்கம் இல்லாதது. மினுங்கும் பூச்சில் ஒவ்வொரு பொட் லைற்றும் ஒரு புள்ளியாகத் தெறிக்கும்.

எல்லாம் வெள்ளையாகிவிட்டால் அறை வெறிச்சோடிப் போகும். நிறத்தைச் சாமான்களில் கொண்டுவந்திருக்கிறார்கள். செம்மஞ்சள் துணி போட்ட கதிரை, மயில்நீலத் தலையணைகள், பனையோலையில் பின்னிய பெட்டிகள் இரண்டு. சோபாவும் அலுமாரியும் கால் வைத்தவை. கீழே தரை தெரிகிறது, அதனால் அறை இன்னும் அகன்று தெரிகிறது. நீளச் சுவரில் ஒரு பெரிய படம் மட்டும். யாழ்ப்பாணத்து வல்லைவெளியின் படம், வானம் முக்கால்வாசி. மேலே சின்ன விளக்கு அதற்கென்று எரிகிறது. யன்னல் இல்லாத சுவரில் தூரம் தெரியும் ஒரு படத்தை மாட்டி, அதற்கு வெளிச்சமும் கொடுத்தால், கண்ணுக்குப் போய்த் தங்க ஓரிடம் கிடைக்கும். சின்னச் சின்னப் படம் பத்து மாட்டுவதால் இது கிடைக்காது.

அம்மாவின் மூலைக்கு வந்தோம். கதிரைக்குப் பின்னால், தோளுக்கு மேலே வளைந்து வரும் நிலைவிளக்கு. வாசிக்க 300இல் இருந்து 500 லக்ஸ் தேவை. அறுபது வயதுக் கண்ணுக்கு, இருபது வயதுக் கண்ணை விட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் வேண்டும். கண்மணி சிறுத்துவிடும், வில்லை மஞ்சளாகிவிடும். அந்த அளவு வெளிச்சத்தை அறை முழுக்கப் போட்டால் கண் கூசும். பேப்பர் பிடிக்கிற இடத்தில் மட்டும் போட வேண்டும். பக்கத்தில் சாமித்தட்டு. பிள்ளையார் படத்துக்கு மேலே ஒளித்துப் பூட்டிய எல்.இ.டி பட்டி. குத்துவிளக்கை அம்மா காலையும் மாலையும் ஏற்றுகிறார். திரியைச் சுற்றி எரியக்கூடிய எதுவும் இல்லை. புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் கருவியும் மேல்வீட்டுக் கருவிகளோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. கீழே ஒன்று அலறினால் மேலேயும் அலறும்.

யன்னலோரம் ஒரு கறிவேப்பிலைக் கன்று. ரொறன்ரோவில் பனிக்காலம் வந்தால் சாடியைத் தூக்கி உள்ளே வைப்போம். வெளிச்சம் போதாமல் அது இலையைக் கொட்டிவிட்டுத் தடியாய் நிற்கும். இந்தக் கன்றுக்கு மேலே ஒரு அடி உயரத்தில் செடிவளர்ப்பு விளக்கு, நேரக்கருவி வைத்து நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் எரிகிறது. நுனியில் மெல்லிய பச்சையில் புதுக்கொழுந்து. அம்மா ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மணத்தைப் பார் தம்பி. போன வருசம் இந்த மாசம் ஒரு இலை இல்லை. தண்ணியைக் குறைச்சு, வெளிச்சத்தைக் கூட்டினால் போதும்." அந்த விளக்கின் மிச்ச வெளிச்சமும் மூலைக்குத்தான் சேர்கிறது. கறிவேப்பிலைக்கு இவ்வளவு பாடுபட மனமில்லாதவர்கள், குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும் மணிபிளான்ற் வைக்கலாம்.

பின்னேரமானதும் தம்பி டிமரை இறக்கினார். பொட் லைற் பாதியாகத் தணிந்தது, நிலைவிளக்கும் படத்து விளக்கும் மேலெழுந்தன. யன்னல் வழியாகப் பொழுது தெரியாத இடத்தில், பகலையும் இரவையும் விளக்குத்தான் சொல்ல வேண்டும். பகலில் நிறைய, ஆறு மணிக்குப் பிறகு தாழ்வாக, படுக்க முதல் ஒரே ஒரு மேசை விளக்கு. டிமர் வாங்கும்போது எல்.இ.டிக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கும்போது விளக்கு துடிக்கும்.

ஒன்ராறியோவில் இப்படிப்பட்ட மின்வேலையை மின்சாரப் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவித்துவிட்டே செய்ய வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்தால் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். தனிக் குடியிருப்பாக வாடகைக்கு விடுவதென்றால் கட்டட அனுமதியும் வேண்டும். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடைப்பட்ட கூரை தீ பரவாமல் தடுக்கும் கூரை. அதில் நினைத்தபடி ஓட்டை போட்டுப் பொட் லைற் வைத்தால் அந்தத் தடுப்பே போய்விடும்.

"வாடகைக்கு இருக்கிறவை சுவரில ஆணியே அடிக்கேலாதே, அவை என்ன செய்யிறது?" என்று தம்பியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "மேல்நோக்கி அடிக்கிற நிலைவிளக்கு ரெண்டு வாங்கி, எதிரெதிர் மூலையில வையுங்கோ. வெள்ளைக் கூரையில பட்டு அறை முழுக்க வரும். அலுமாரிக்குப் பின்னால ஒரு எல்.இ.டி பட்டி. இருக்கிற பல்ப்பைக் கழட்டிப்போட்டு 3000 கெல்வின், 90 சி.ஆர்.ஐ. ஒரு கண்ணாடி. வீடு மாறேக்க எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போகலாம்." ஒரு ஓட்டையும் போடாமல், ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடிய வேலை இது. சொந்த வீட்டுக்காரருக்குக் காசு மட்டாக இருந்தால் நான் சொல்லும் வரிசை: முதலில் ஈரம், பிறகு படிக்கட்டு, பிறகு மூலை விளக்குகள், பிறகு பூச்சு. சாமான்களும் படங்களும் கடைசியில்.

இந்த ஊரில் எங்கள் சமூகம் காலூன்றியது நிலவறைகளில். அங்கே இருந்து இரண்டு வேலை செய்து சேர்த்த காசில்தான் சகோதரங்களைக் கூப்பிட்டோம், வீடு வாங்கினோம். வீடு வாங்கிய பலர் இன்று வாடகைக்கு விடுகிறவர்கள். இப்போது கீழே இருப்பது படிக்க வந்த பிள்ளைகள், புதிதாக வந்தவர்கள், எங்கள் சொந்தத் தாய் தகப்பன். நாங்கள் இருட்டில் இருந்து பழகினோம் என்பது அவர்களையும் இருட்டில் விடுவதற்கு நியாயம் ஆகாது. எட்டு விளக்கு, இரண்டு வாளி பூச்சு, ஒரு கண்ணாடி. பெரிய காசில்லை. வாடகைக்கு விளம்பரம் கொடுக்க முதல், வீட்டுக்காரர் ஒரு ஜனவரி மத்தியானம் கீழே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்கட்டும். அங்கே இருந்து ஒரு புத்தகம் வாசிக்க முடிந்தால், அந்த இடத்தை இன்னொருவர் குடியிருக்கக் கொடுக்கலாம்.